ஐட்டம் மோட்: அகழி சூழ்ந்த எழுநூறு ஆண்டு ஆங்கில வீட்டை நிதானமாகப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டன் பயணத்தில் ஒரு நாள் மிச்சமிருக்கிறது, நகரத்தை விட்டு வெளியே எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கென்ட் மாவட்டத்தில், செவன்ஓக்ஸ் நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஐட்டம் மோட். ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் 'இக்தாம்' என்று வாசிக்கத் தோன்றும். ஊரார் சொல்வது 'ஐட்டம்'. டாக்ஸி ஓட்டுநரிடமும் அப்படியே சொல்லுங்கள்.

இது ஒரு மேனர் வீடு. இடைக்கால இங்கிலாந்தில் மேனர் என்பது ஒரு பண்ணை உரிமையாளரின் ஆளுகைக்குள் இருந்த நிலப்பரப்பு. விளைநிலம், காடு, குடியானவர்கள், அவர்களுடைய வழக்குகளை விசாரிக்கும் பண்ணை நீதிமன்றம் எல்லாம் அதில் அடங்கும். உரிமையாளர் குடும்பம் வாழ்ந்த வீடுதான் மேனர் வீடு. அதனால் அரண்மனையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். எழுபதுக்கு மேற்பட்ட அறைகள் இருந்தாலும் அவை நான்கு கட்டுகளாக ஒரு முற்றத்தைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கின்றன. சதுரமான அகழி அந்த வீட்டை ஒரு அங்குலம்கூட வெளியே வளர விடவில்லை.

1320ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய கட்டடம் இன்றும் நிற்பதற்குக் காரணம், அடுத்தடுத்து வந்த உரிமையாளர்கள் யாரும் இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை என்பதே. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பணக்காரக் குடும்பங்கள் பழைய வீடுகளைத் தரைமட்டமாக்கி, வெள்ளைத் தூண்கள் வைத்த மாளிகைகளை எழுப்பின. இங்கே ஒருவர் ஒரு ஜன்னலை வைத்தார், இன்னொருவர் ஒரு படிக்கட்டைச் சேர்த்தார், மற்றொருவர் சுவருக்குப் பலகை அடித்தார். ஆகவே இந்த வீட்டில் பார்க்க வேண்டியவை அதன் ஒட்டுகள்: கல் நின்று மரம் தொடங்கும் இடம், பழைய வளைவை அடைத்துப் புதிய கதவு வைத்த இடம். அதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு அறையும் பேசத் தொடங்கும்.

கிளம்புவதற்கு முன்

வீட்டை நிர்வகிப்பது நேஷனல் டிரஸ்ட். 1895இல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை அது. நுழைவுக் கட்டணமும் திறப்பு நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் முதல் நாள் இரவே அதன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஒன்றைக் குறிப்பாகக் கவனியுங்கள்: தோட்டம் திறந்திருக்கும் நேரம் வேறு, வீடு திறந்திருக்கும் நேரம் வேறு. வீடு தாமதமாகத் திறந்து சீக்கிரமாக மூடும். குளிர்காலத்தில் சில அறைகளைப் பராமரிப்புக்காகப் பூட்டி வைப்பதும் உண்டு. தோட்ட நேரத்தை வீட்டு நேரம் என்று நினைத்து வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்களை நானே கண்டிருக்கிறேன்.

இங்கிலாந்தில் குடியிருப்பவராகவும் ஓராண்டில் இதுபோல் நான்கைந்து இடங்களுக்குப் போகிறவராகவும் இருந்தால் உறுப்பினர் அட்டை கட்டுப்படியாகும். டிக்கெட் எடுக்கும்போது 'கிஃப்ட் எய்ட்' வேண்டுமா என்று கேட்பார்கள். நீங்கள் அந்நாட்டில் வருமான வரி கட்டுகிறவராக இருந்தால், உங்கள் நன்கொடையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் அறக்கட்டளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஏற்பாடு அது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சுற்றுலா வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கூரான குதிகால் செருப்பு வேண்டாம். பழைய ஓக் பலகைத் தரையில் அது ஆணி அடித்ததுபோல் குழி போடும். முதுகுப் பையை உள்ளே போகும்போது முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். சிறிய தோள்பையே வசதி. மழைச் சட்டை எந்த மாதமானாலும் கையில் இருக்கட்டும்.

போய்ச் சேரும் வழி

லண்டன் சேரிங் கிராஸ் அல்லது லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து செவன்ஓக்ஸுக்கு விரைவு ரயிலில் அரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். அங்கிருந்து டாக்ஸி. பஸ் சேவை குறைவு. அதை நம்பிப் போவதென்றால் திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். டாக்ஸியில் போகிறவர்கள் இறங்கும்போதே திரும்பி வருவதற்கும் சொல்லி வைத்துவிட வேண்டும். இது ஐவி ஹேட்ச் என்ற சின்னக் கிராமத்தை ஒட்டிய பள்ளத்தாக்கு. வாசலில் வண்டி காத்து நிற்காது. முதல் முறை போனபோது இதை யோசிக்காமல் விட்டு, மாலைத் தூறலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தேன்.

கால் வலுவுள்ளவர்களுக்கு ஒரு அருமையான வழி இருக்கிறது. செவன்ஓக்ஸில் உள்ள நோல் மாளிகையின் மான் பூங்காவிலிருந்து கிரீன்சேண்ட் வே என்ற நெடுந்தூர நடைபாதையைப் பிடித்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஐட்டம் மோட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் நோல் மாளிகையையும் அதே நாளில் பார்த்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். அது தனியாக ஒரு நாளைக் கேட்கும் இடம்.

முதல் வேலை: உள்ளே போகாமல் வெளியே சுற்றுங்கள்

கார் நிறுத்துமிடத்திலிருந்து பாதை இறக்கமாகப் போகிறது. வீடு பள்ளத்தில் இருப்பதால் முதலில் கண்ணில் படுவது கூரையும் புகைபோக்கிகளும்தான். கோட்டை என்றால் குன்றின் மேல் கட்டியிருப்பார்கள். தண்ணீர் தேடி இப்படித் தாழ்வான இடத்தில் ஒளிந்ததுபோல் கட்டியிருப்பதே இது குடும்ப வீடு என்பதற்கு அடையாளம். மூட்டு வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் இந்த இறக்கத்தைப் பற்றி முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. மாடி அறைகளுக்குப் படியேற வேண்டியும் இருக்கும்.

டிக்கெட் கையில் வந்தவுடன் எல்லோரும் பாலத்தைத் தாண்டி உள்ளே ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். அரை மணி நேரத்தை அகழிக் கரைக்கு ஒதுக்குங்கள். மூன்று பாலங்கள் இருக்கின்றன. வீட்டுச் சுவர் கரையில் நிற்கவில்லை, நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. தென்மேற்கு மூலைக்குப் போய் நில்லுங்கள். ஒரு பக்கம் 15ஆம் நூற்றாண்டின் வாயிற்கோபுரத்தோடு கல் முகப்பு. அடுத்த பக்கம் கீழே கல், மேலே கறுத்த ஓக் சட்டங்களுக்கு நடுவே சாந்து பூசிய சுவர். கென்ட் பகுதியின் 'ராக்ஸ்டோன்' என்ற சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் அது. ஒரே அளவாகச் செதுக்க முடியாத முரட்டுக் கல் என்பதால், கொத்தனார் பெரிதும் சிறிதுமாக அடுக்கிய கை வேலை இன்றும் தெரிகிறது. காற்றில்லாத நாளானால் இவை அனைத்தும் தலைகீழாகத் தண்ணீரில் இன்னொரு முறை நிற்கும்.

'மோட்' என்ற பெயர் இந்த அகழியைக் குறிப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் ஊர்க்கூட்டத்துக்கு இருந்த சொல்லிலிருந்து வந்தது என்கிறவர்களும் உண்டு.

வாயிலும் முற்றமும்

மேற்குப் பாலத்தைத் தாண்டி வாயிற்கோபுரத்தின் கீழே வந்ததும் சுவரில் ஒரு குறுகிய கீறலைத் தேடுங்கள். வந்திருப்பவர் யார் என்று கதவைத் திறக்காமலேயே காவலாளி பார்த்துக்கொள்வதற்காக விட்ட இடுக்கு அது. நான்கு விரல் நுழைகிற இடைவெளிக்கு ஒரு மனிதனின் முழு நாள் வேலை கட்டுப்பட்டிருந்திருக்கிறது.

முற்றத்துக்குள் நுழைந்ததும் குழந்தைகள் நேராக ஓடும் இடம் நாய்க்கூண்டு. கூண்டு என்பதைவிடக் குட்டி வீடு என்பதே பொருந்தும். 1891 வாக்கில் டைடோ என்ற செயின்ட் பெர்னார்ட் நாய்க்காகக் கட்டியது. பிரிட்டனின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் முதல் தரத்தில் இடம்பெற்ற நாய்க்கூண்டு இது. பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் நின்று, வீட்டின் கூரைச் சாய்வோடும் மரச் சட்டங்களோடும் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டுத் தச்சன் இடைக்காலத் தச்சனுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த அக்கறை தெரியும்.

இதே இடத்தில் மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பி நான்கு கட்டுகளையும் பாருங்கள். எதிரே கிழக்கில் இருக்கும் பெருங்கூடம்தான் மிகப் பழையது.

வீட்டுக்குள்

எந்த அறைக்குப் பின் எந்த அறை என்பது நாளைப் பொறுத்துச் சற்று மாறலாம். ஒவ்வொரு அறையிலும் தன்னார்வலர் ஒருவர் இருப்பார்; பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்களில் வாழும் ஓய்வுபெற்றவர்கள். அவர்களாக முந்திக்கொண்டு பேச மாட்டார்கள். "இந்த அறையில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?" என்று கேட்டுப் பாருங்கள். கையேட்டில் இல்லாதவை அப்போது வெளியே வரும். நாற்காலியின் மேல் ஒரு பைன் காயோ காய்ந்த முட்செடியோ வைத்திருந்தால் அதில் உட்காரக் கூடாது என்று பொருள். படம் எடுக்கலாம், ஃபிளாஷ் மட்டும் கூடாது.

பெருங்கூடத்தில் எல்லோரும் முதலில் கணப்படுப்பையும் சுவர்ப் பலகைகளையும் பார்க்கிறார்கள். அவை 19ஆம் நூற்றாண்டில் நார்மன் ஷா என்ற கட்டடக் கலைஞர் செய்த மாற்றங்கள். நீங்கள் தலையை நிமிர்த்துங்கள். கூரையைத் தாங்கும் வளைவுகளின் அடியில் குந்தியபடி இருக்கும் உருவங்கள் தெரியும். முகத்தைச் சுளித்து, தோளை ஒடுக்கி, கூரையின் எடை முழுவதும் தங்கள் முதுகில்தான் என்பதுபோல் உட்கார்ந்திருக்கின்றன. செதுக்கிய சிற்பி தினமும் சுமை தூக்குகிறவர்களைப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். ஜன்னலின் வண்ணக் கண்ணாடிச் சின்னங்கள் அதற்குப் பின்னால் வந்தவை. 1521இல் வீட்டை வாங்கிய சர் ரிச்சர்ட் கிளெமென்ட், இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் அரசவையில் இருந்தவர். அரச குடும்பத்தின் மேல் தமக்கிருந்த பற்றைக் கண்ணாடியிலும் மரத்திலும் எழுதி வைத்தார்.

அந்தப் பற்றின் உச்சம் மாடியில் உள்ள புதிய சிற்றாலயம். 'புதிய' என்றால் 1520களைச் சேர்ந்தது. பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்ததுபோல் வளைந்த மரக்கூரை. அதில் வண்ணத்தில் தீட்டிய சின்னங்கள் வரிசை வரிசையாக: ஹென்றியின் டியூடர் வம்சத்து ரோஜா, கோட்டை வாயிலின் இரும்புக் கதவு, காஸ்டில் நாட்டுக் கோட்டை, கிரானடாவின் மாதுளை. கடைசி இரண்டும் ஹென்றியின் முதல் மனைவி கேத்தரின் பிறந்த ஸ்பானிய அரச வம்சத்தின் அடையாளங்கள். 1533இல் அந்தத் திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு மாதுளையைக் கூரையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. நாடெங்கும் பல இடங்களில் கேத்தரினின் சின்னங்களை அழித்தார்கள். இங்கே யாரும் ஏணி வைத்து ஏறவில்லை. வண்ணம் மங்கிவிட்டது, பிளவுபட்ட அந்தப் பழமும் அதன் விதைகளும் இன்னும் தெரிகின்றன. கழுத்து வலிக்காமல் பார்க்கக் கையடக்கக் கண்ணாடி ஒன்றை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக் குனிந்து பாருங்கள்.

இதே சிற்றாலயத்தில் ஒரு மரச் சிலுவை இருக்கிறது. ஆட்கள் அவசரத்தில் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள். 1889இல் வீட்டை வாங்கிய தாமஸ் கோலியர்-ஃபெர்குசன் தம்பதிக்கு ஆறு பிள்ளைகள். மூன்றாவது மகன் ரிவர்ஸ்டேல் 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில் ஈப்ரே போர்க்களத்தில் இறந்தார். வயது 21. மறைவுக்குப் பின், வீரத்துக்கான பிரிட்டனின் மிக உயரிய விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. மூத்த மகனும் 1940இல் குண்டுவீச்சில் இறந்தார். இந்த வீட்டை முதன்முதலாக வாரத்தில் ஒரு பிற்பகல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது அந்தக் குடும்பம்தான்.

வரவேற்பறைக்குள் நுழைந்தால் இருட்டாக இருக்கிறதே என்று குறைப்படுவீர்கள். திரையை இறக்கி வைத்திருப்பது வேண்டுமென்றே செய்தது. சுவரில் ஒட்டியிருப்பது சீனாவில் கையால் தீட்டிய காகிதம்: பூங்கிளைகள், பறவைகள். பழைய காகிதமும் துணியும் ஐம்பது லக்ஸுக்கு மேற்பட்ட வெளிச்சத்தைத் தாங்குவதில்லை என்பது காட்சியகங்கள் கடைப்பிடிக்கும் அளவு. மங்கிய நிறம் திரும்பி வராது. வாசலிலேயே இரண்டு நிமிடம் நில்லுங்கள், கண் பழகியதும் பறவைகள் ஒவ்வொன்றாக வெளிவரும். சீனாவிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்தோடு வந்ததால் இவ்வகைச் சுவர்க்காகிதத்தை அக்கால ஆங்கிலேயர் 'இந்தியக் காகிதம்' என்றே அழைத்தார்கள்.

நூலக அறை கடைசி உரிமையாளரின் காலத்தது. அந்தக் கதை தெரியாமல் இந்த அறையைப் பார்த்துப் பயனில்லை. 1951இல் சர் தாமஸ் கோலியர்-ஃபெர்குசன் காலமானதும் வீட்டுப் பொருள்கள் மூன்று நாள் ஏலத்தில் போயின. கூரையில் இருந்த ஈயத்துக்காகவே வீட்டை இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அப்போது உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து 5,500 பவுண்டு கொடுத்து வீட்டை வாங்கினார்கள். குடியேறும் எண்ணத்தோடு வாங்கவில்லை. யாராவது நல்லவர் கையில் சேரும்வரை இடிபடாமல் காப்பதே நோக்கம். 1953இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹென்றி ராபின்சன் வாங்கினார். வரிச் சட்டம் காரணமாக அவரால் ஆண்டுக்குப் பதினான்கு வாரங்கள்தான் இங்கே தங்க முடிந்தது. அந்தப் பதினான்கு வாரங்களுக்காக ஒழுகிய கூரையைச் சரிசெய்தார், 17ஆம் நூற்றாண்டு மரச்சாமான்களைத் தேடித் தேடி வாங்கிப் போட்டார், 1965இல் வீட்டை நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைப்பதாக அறிவித்தார். 1985இல் அவர் இறந்தபின் அஸ்தியை வீட்டின் நிலவறைக்கு வெளியே சுவரில் வைத்து அடைத்தார்கள். 14ஆம் நூற்றாண்டுக் கல் வளைவுகளைப் பார்க்க நிலவறைக்குப் போகிறவர்கள் அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பின் நடந்தது பெரிய வேலை. 1989இல் தொடங்கி 2004வரை, வீட்டின் பெரும்பகுதியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு சட்டமும் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பதிவுசெய்து, மீண்டும் கட்டினார்கள். செலவு ஒரு கோடிப் பவுண்டுக்கு மேல். மரத்தை உள்ளுக்குள் தின்றிருந்த 'டெத்வாட்ச்' வண்டு முக்கிய எதிரி. இந்த வண்டு துணையை அழைக்கத் தலையால் மரத்தில் தட்டும். நோயாளியின் அருகே இரவில் விழித்திருந்தவர்கள் காதில் அந்தத் தட்டல் விழுந்ததால்தான் அதற்கு மரணக் காவல் என்ற பெயர் வந்தது. அறைகளில் வெளிறிய புது ஓக் துண்டு கறுத்த பழைய சட்டத்தோடு சேரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். அந்தப் பொருத்தில் விரல் நகம் நுழைய இடம் இருக்காது.

தோட்டமும் சுற்றுப்புறமும்

வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் வெளியே அதே அளவு வையுங்கள். வீட்டுக்கு அருகே புல்வெளி, பூப்பறிக்க வளர்க்கும் தோட்டம், பழத்தோட்டம், ஏரி, சுற்றிலும் காடு. வசந்தத்தில் வருவதே என் தேர்வு. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் பாதிவரை ஸ்கேத்ஸ் காட்டில் நீலமணிப் பூக்கள் தரை தெரியாமல் பூத்திருக்கும். பாதையை விட்டு இறங்காதீர்கள். ஒருமுறை மிதிபட்ட செடி மீண்டும் தழைக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

புல்வெளியில் நிற்கும்போது ஒரு ஓவியத்தை நினைவுபடுத்திக்கொள்ளலாம். 1887 முதல் மூன்றாண்டுகள் இந்த வீட்டை அமெரிக்க ரயில்வே அதிபர் வில்லியம் ஜாக்சன் பாமர் குடும்பம் வாடகைக்கு எடுத்திருந்தது. எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸ், நடிகை எலன் டெரி எல்லாம் விருந்தினராக வந்தார்கள். ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1889இல் இங்கே புல்வெளியில் பந்து உருட்டி விளையாடுகிறவர்களை வரைந்தார். பின்னணியில் வீடு.

தேநீர்க் கடையில் ஸ்கோனும் ஜாமும் கிடைக்கும். மதிய நெரிசலுக்கு முன்பே, பன்னிரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் ஒரு தேவாலயம்

டாக்ஸியை நேராக ரயில் நிலையத்துக்கு விடாமல் ஐட்டம் கிராமத்துப் புனித பேதுரு தேவாலயத்தில் கால் மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். 1591 முதல் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் வீட்டை வைத்திருந்தது செல்பி குடும்பம். ஐட்டம் மோட் வீட்டின் படிக்கட்டுத் தூணின் மேல் செதுக்கியிருக்கும் தலை அவர்களுடைய குலச்சின்னம். அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த டோரதி செல்பி 1641இல் இறந்தார். அவருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் இந்தத் தேவாலயத்தில்தான் இருக்கிறது.

டோரதியைப் பற்றி ஊரில் ஒரு கதை உலவியது. 1605இல் பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க நடந்த சதியை அவர்தான் காட்டிக்கொடுத்தார், அதற்குப் பழிவாங்க அவரை வீட்டுச் சுவருக்குள் வைத்து அடைத்துவிட்டார்கள் என்று. நினைவுச்சின்னத்தின் கவிதையில் அவருடைய கலை அந்தச் சதியை வெளிப்படுத்தியது என்று ஒரு வரி வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த கதை இது. முழுக் கவிதையையும் வாசித்தால் விஷயம் விளங்கிவிடும். அவர் பேர்பெற்ற பூத்தையல்காரர். ஊசியை எஃகுப் பேனா என்றும் பட்டு நூலை மை என்றும் அந்தக் கவிதை சொல்கிறது. யோனாவின் கதையை அவர் பொன்னிழையால் எழுதியதாகப் பாராட்டுகிறது. வெடிமருந்துச் சதியையும் அவர் துணியில் தைத்தார். அந்தக் காட்சியைக் கல்லில் கீறி அவர் சிலைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டு வெளிச்சம் பட்டால்தான் கோடுகள் தெரியும். செல்பேசி விளக்கைப் பயன்படுத்துவதானால் தேவாலயத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு, சாய்வாகப் பிடித்துப் பாருங்கள்.